துண்டுக்குள் நடுங்கிய கை

மருந்து கொடுக்காத டாக்டர் ஒருவர் தேனிக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டபோது, பாவம், இந்த மனிதர் இங்கே எப்படிக் குடும்பம் நடத்தப்போகிறார் என்று கவலைப்பட்டவர்களில் நானும் ஒருவன். சண்டை முடிந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பர்மாப் பக்கம் பட்டாளத்தோடு போய்த் திரும்பியவர். சொந்த ஊர் மலைக்கு அந்தப்புறம், மலையாள தேசம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு என்று போனால் மற்ற டாக்டர்களைப் போல அவரும் மாத்திரை கொடுப்பார். ஆனால் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் என்னவோ செய்கிறது என்று போகிறவர்களை உள்ளே கூட்டிக்கொண்டுபோய், கதவைச் சாத்தி, நாற்காலியில் உட்காரவைத்துப் பேசச் சொல்லுகிறாராம். முக்கால் மணி நேரம் கழித்து, அடுத்த வாரம் வா என்று அனுப்பிவிடுகிறாராம். ஊசி கிடையாது, களிம்பு கிடையாது. தேனி பஜாரில் ஒரே வாரத்தில் அவருக்குப் பேச்சு டாக்டர் என்று பெயர் விழுந்துவிட்டது. பேசுவதற்கு டாக்டர் எதற்கு, காப்பிக்கடைக்குப் போனால் வேண்டாம் வேண்டாம் என்றாலும் பேசுவார்களே என்று கிண்டல் செய்தவர்களில் முதல் ஆள் நான்.

அந்த வாய்க்குத்தான் பலன் கிடைத்தது.

நான் அப்போது மாட்டுத் தரகன். சந்தையில் மாடு வாங்குகிறவனும் விற்கிறவனும் வாயால் விலை பேசுவதில்லை என்பது இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. இரண்டு பேர் கைகோத்து, அதன்மேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, உள்ளே விரல்களைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டு, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. சுற்றி நிற்கிற கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. வாய் மட்டும் ஊருக்குக் கேட்கிற மாதிரி, “மாடா இது, கோயில் நந்தியில்ல எந்திரிச்சு வந்துருக்கு” என்று அளந்துகொண்டிருக்கும். நிஜமான விலை துண்டுக்குள்ளே நடக்கும். எங்கள் பிழைப்பில் வாய் பொய் சொல்லும், கை மெய் சொல்லும். கையும் பொய் சொன்னால் அடுத்த சந்தைக்கு அவனை ஒருவரும் கூப்பிட மாட்டார்கள்.

அந்தக் கைதான் எனக்கு நடுங்கத் தொடங்கியது. சாப்பிடும்போது நடுங்காது. முகம் வழிக்கும்போது நடுங்காது. தலைப்பாகை கட்டும்போது, மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்க்கும்போது, எதற்கும் நடுங்காது. துண்டை மேலே போட்டவுடன் வலது கை ஈரத்தில் நனைந்த கோழிக்குஞ்சாகிவிடும். ஒரு சின்னமனூர்க்காரர் துண்டுக்குள்ளிருந்து கையை உருவிக்கொண்டு, “என்னய்யா இது, ஒன்னுங்கிறியா ரெண்டுங்கிறியா? வெரலு ஒரு எடத்துல நிக்க மாட்டேங்குதே” என்று கூட்டத்துக்கு நடுவில் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அடுத்த சந்தையில் என்னிடம் இரண்டே பேர் வந்தார்கள். அதற்கடுத்த சந்தையில் என் துண்டு என் தோளிலேயே கிடந்தது.

எப்போது தொடங்கியது என்றும் எனக்குத் தெரியும். ஜெயமங்கலத்தில் இருக்கிற என் மனைவியின் தம்பி வண்டியோடு ஆற்றில் கவிழ்ந்து கையை ஒடித்துக்கொண்டான், அதற்கடுத்த சந்தையில் தொடங்கியது. அவன் வண்டியில் பூட்டியிருந்த மாடு நான் பேசி வாங்கிக்கொடுத்த மாடு. அது தண்ணீரைக் கண்டால் மிரளும் என்று எனக்கு முன்பே தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது. இதை உங்களிடம் இரண்டு வரியில் சொல்லிவிட்டேன். அப்போது சொல்ல வராமல்தான் அத்தனை கூத்தும் நடந்தது.

வீட்டில் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தார்கள். கம்பத்திலிருந்து நரம்புக்கு ஒரு லேகியம் வந்தது. அதைத் தின்றதில் பசிதான் கூடியது. மந்திரித்த கயிறு ஒன்றை மணிக்கட்டில் கட்டினார்கள். கையோடு சேர்ந்து கயிறும் ஆடியது. கடைசியில் என் மனைவிதான் பேச்சு டாக்டரிடம் போகச் சொன்னாள்.

“பேசித்தான் பாத்துட்டு வாங்களேன். பொய் பேச அம்புட்டுப் பேசுறீக, ஒருக்கா நெசம் பேசுனா நாக்கா தேஞ்சிரும்?”

சொன்னதோடு நிற்காமல், விளக்கெண்ணெய் இருந்த பாட்டில் ஒன்றைச் சாம்பல் போட்டுக் கழுவிக் கையில் கொடுத்தாள். அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் பாட்டிலோடுதான் போவான். கம்பவுண்டர் அதில் கலர் மருந்தை ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டிக்கொடுப்பார். பாட்டில் இல்லாமல் வைத்தியத்துக்குப் போவது குடம் இல்லாமல் கிணற்றுக்குப் போவது.

டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். நான் பாட்டிலை மேஜைமேல் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஓரமாக நகர்த்தி வைத்தார். என் கையை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அறையில் இரண்டு நாற்காலிகள் ஒன்றையொன்று பார்க்காமல், இரண்டும் ஜன்னலைப் பார்த்துக் கிடந்தன. கூட்டுகிறவன் தப்பாகப் போட்டுவிட்டான் என்று நினைத்து, என் நாற்காலியை அவருக்கு நேராகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் என்ன வியாபாரம்?

“சாரமில்ல, இஷ்டம் போல இரிக்கலாம்” என்றார்.

பிறகு ஒரு விசயம் சொன்னார். “இவிட பேசுறது இந்தச் சொவத்த விட்டு வெளிய போகாது. உங்க பொண்டாட்டி வந்து கேட்டாலும் நான் பறயில்ல.”

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் சந்தையில் காலையில் ஒருவன் தும்மினால், மத்தியானம் போடியில் அவனுக்குச் சுக்கு இடித்துக்கொண்டிருப்பார்கள். அப்படிப்பட்ட ஊரில் வந்து உட்கார்ந்துகொண்டு ரகசியமாம்.

எப்போது முதல் நடுங்குகிறது என்று கேட்டார். “ஞாபகமில்ல.” தூக்கம் வருகிறதா என்றார். “கும்பகர்ணன்தான்.” மனதில் ஏதாவது பாரம் உண்டா என்றார். “மாடுகதான் பாரம் இழுக்கும், நமக்கென்ன” என்றேன். அதோடு அவர் கேள்வியை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு வெளியே நின்ற புளியமரத்தைப் பார்க்கத் தொடங்கினார்.

சும்மா இருப்பது எங்கள் தொழிலில் பெரிய வித்தை. விலையைச் சொன்ன பிறகு முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றான். பாம்பின் கால் பாம்பறியும். இவரும் நம் ஜாதிதான் என்று தெரிந்துகொண்டு, பார்த்துவிடுவோம் என்று நானும் சும்மா இருந்தேன். கால் மணி நேரம் இரண்டு பேரும் புளியமரத்தைப் பார்த்தோம். மரத்தில் ஒரு காக்கை வந்து உட்கார்ந்தது, எழுந்து போனது. எத்தனையோ கவுண்டர்களையும் செட்டியார்களையும் சும்மா இருந்தே சாய்த்திருக்கிறேன். அன்றைக்குத் தோற்றது நான்.

வாயைத் திறந்தவுடன் ஒரு யோசனை வந்தது. இந்த ஆளின் ரகசியம் எவ்வளவு தாங்கும் என்று தட்டிப் பார்த்துவிட்டால் என்ன? உடனே குரலைத் தாழ்த்தி, குமுளியில் எனக்கு இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று சொன்னேன். மலையாளத்துப் பொம்பளை. வாய்க்கு வந்ததையெல்லாம் சேர்த்தேன். முன்பல்லில் சின்ன இடைவெளி, முழங்கால் வரைக்கும் கூந்தல், காலையில் புட்டும் கடலையும். சொல்லச் சொல்ல எனக்கே அந்த வீட்டுக்குப் போகவேண்டும் போல ஆகிவிட்டது. டாக்டர் கண்ணை இமைக்காமல் கேட்டார். முக்கால் மணி நேரம் முடிந்ததும் எழுந்து, “அடுத்த ஆழ்ச்ச வரணும்” என்று காலிப் பாட்டிலை எடுத்து என் கையில் கொடுத்தார்.

காலிப் பாட்டிலோடு வீட்டுக்குப் போக முடியுமா? பஜாரில் நன்னாரி சர்பத்து வாங்கிப் பாட்டிலை நிரப்பினேன். பழைய காகிதம் ஒன்றைப் பல் பல்லாக வெட்டிச் சோற்றுப்பசையால் ஒட்டினேன். என் மனைவி பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, நல்ல கெட்டியான மருந்துதான் என்று திருப்திப்பட்டாள். மூன்று வேளையும் கரண்டியில் ஊற்றி அவளே கொடுத்தாள். நானும் வேப்பெண்ணெய் குடித்த மாதிரி முகத்தைக் கோணிக்கொண்டு குடித்தேன்.

அந்த வாரம் முழுக்க ஊரைத் துப்பறிந்தேன். முடிவெட்டுகிற இடத்தில் உட்கார்ந்து, குமுளிப் பக்கம் என்ன சேதி என்று நானாகவே ஆரம்பித்தேன். ஏலக்காய் விலை சொன்னார்கள். காப்பிக்கடையில், “சில பேரு ரெண்டு எடத்துல அடுப்பு மூட்டுறாகளாமே” என்று தூண்டில் போட்டேன். ஒருவர் கண்ணிலும் பொறி தட்டவில்லை. சந்தை நாளும் வந்து போனது. அப்படி ஒரு ருசியான கதை ஏழு நாள் இந்த ஊரில் வெளியே வராமல் இருந்தது என்றால், அது அந்த அறைக்குள்ளேயேதான் கிடக்கிறது. எனக்கு ஆச்சரியமாகவும் இருந்தது, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் ஏமாற்றமாகவும் இருந்தது.

அதற்குள் வீட்டில் வேறு ஒன்று வெடித்தது. ஒரு நாள் மத்தியானம் நான் உள்ளே நுழைந்தபோது, என் மனைவி மருந்துப் பாட்டிலை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாட்டில் கழுத்தைச் சுற்றி எறும்பு வரிசை கட்டியிருந்தது.

“கசக்குது கசக்குதுன்னு மூஞ்சியச் சுளிச்சீகளே, எறும்புக்கு மட்டும் எப்படி இனிக்குது?”

“அது என்னமோ, மலையாளத்து எறும்பு...”

“நானும் ஒரு கரண்டி குடிச்சுப் பாத்துட்டேன்.”

கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டேன். டாக்டர் மருந்து கொடுக்கவில்லை, சும்மா பேசத்தான் சொல்லுகிறார் என்று ஒப்புக்கொண்டேன். அவள் சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை.

“எங்கிட்டப் பேச முடியாதத, அந்த மலையாளத்தாருகிட்டப் பேச என்ன இருக்கு உங்களுக்கு?”

“எல்லாம் தொழில் விசயம்.”

அவள் ஒரு துணியால் எறும்பைத் துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: “எந்தம்பிக்குக் கை ஒடிஞ்சது. உங்களுக்குக் கை நடுங்குது. ரெண்டு பேருக்கும் ஒன்னா என்ன கெரகம் புடிச்சிருக்குன்னு தெரியல. அவன் வண்டியத் தொட்டு ஏழு மாசம் ஆச்சு. பொம்பளைக மாதிரி பின்னாடி ஏறி உக்காந்து போறானாம். ஊருல சிரிக்காக.”

பாட்டிலில் மிச்சமிருந்த சர்பத்தை அவள் முருங்கைமரத்தடியில் ஊற்றினாள்.

இரண்டாவது வாரம் உள்ளே போய் உட்கார்ந்தவுடன் டாக்டர் கேட்டார்: “குமுளியில எல்லாருக்கும் சுகம் தன்னே?”

“எந்தக் கும்...” என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“புட்டு கிட்டியோ?”

என்னை மறந்து சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். பொய் என்று எப்போது தெரிந்தது என்று கேட்டேன். அன்றைக்கே தெரியும் என்றார். “அந்தக் கத பறயும்போ உங்க கை கல்லு போல இருந்நு. அதுக்கு முன்ன, எப்போ தொடங்கிச்சுன்னு கேட்டேனே, அப்போ மட்டும் மடிக்குள்ள ஒளிச்சு வச்சீங்க.”

முகத்தைப் பார்த்து ஆளை எடைபோடுகிறவன் நான். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே என் கையைப் பார்த்திருக்கிறார். தொழிலில் என்னை ஒருவன் மிஞ்சினால் எனக்குக் கோபம்தான் வரும். அன்றைக்கு ஏனோ மரியாதை வந்தது. என் வாயால் உண்மை பேசிப் பழக்கமில்லை என்று அவரிடம் சொன்னேன். அது பொய் இல்லை. எங்களுக்கு வாய் கூட்டத்துக்கு, நிஜம் துண்டுக்குள்ளேதான்.

“அப்போ துண்டு போடுங்க” என்றார் டாக்டர்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கையை நீட்டிவிட்டார். விரல் கணக்கை ஒரு தடவை சொல்லிக்கொடுத்தேன், பிடித்துக்கொண்டார். இருவர் கையின்மேலும் என் தோள்துண்டைப் போர்த்தினேன். டாக்டர் ஒருவரோடு துண்டு போட்டு உட்கார்ந்த தரகன் இந்தப் பக்கத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வெளியே பெஞ்சில் காத்திருந்த யாராவது எட்டிப் பார்த்திருந்தால், டாக்டர் உழவுமாடு வாங்குகிறார் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள். கை நடுங்கத் தொடங்கியது. அவர் பிடியை இறுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

“மனசுல இருக்கிற இந்தக் காரியம் எத்தர பேருக்குத் தெரியும்?”

அவருடைய ஒரு விரலைப் பிடித்தேன்.

“எத்தர பேருக்குத் தெரிஞ்சிருக்கணும்?”

நடுக்கம் தோள்வரைக்கும் ஏறியது. துண்டு பார்க்கிறபோதே ஆடியது. இரண்டு விரலைப் பிடித்தேன். பிடித்தவன் விடவில்லை. அப்படியே வாயும் திறந்துகொண்டது.

அந்த மாட்டை மூன்று சந்தையாக யாரும் வாங்கவில்லை. பார்வைக்கு ராஜா, தண்ணீரைக் கண்டால் பேய்; அதை வாய்க்காலோரத்தில் கண்ணால் பார்த்தவன் சந்தையில் நான் ஒருவன்தான். கூட இருந்த தரகர்கள், இதை உன்னாலும் தள்ள முடியாது என்று என்னைச் சீண்டினார்கள். காசுக்காக அல்ல, அந்தச் சொல்லுக்காகத்தான் தள்ளினேன். என்னை நம்பாதவர்கள் யாரும் அந்த மாட்டை வாங்கவில்லை. சுழி பார்த்தார்கள், பல் பார்த்தார்கள், நடக்கவிட்டுப் பார்த்தார்கள், என் முகத்தையும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். மச்சினன் வந்தான். “நீக பாத்தாச் சரி மச்சான்” என்றான். மாட்டின் பக்கம்கூடத் திரும்பவில்லை. அவன் நிலம் ஆற்றுக்கு இந்தப்புறம்தானே, தண்ணீரில் இறங்க அவனுக்கு என்ன வேலை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அறுப்பு முடிந்து நெல்லை அக்கரைக்குக் கொண்டுபோக அவன் ஆற்றில் இறங்கினான். மாடு திமிறி வண்டி கவிழ்ந்து, சக்கரத்துக்கும் பாறைக்கும் நடுவில் அவனுடைய வலது கை மாட்டிக்கொண்டது. எலும்பு கோணலாகக் கூடியது. மாடு மிரளும் என்று தெரியாததால், தான்தான் கயிற்றைத் தப்பாக இழுத்துவிட்டோம் என்று அவன் நம்பினான். ஊரும் அதையே சொன்னது.

இதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் அவனைப் பார்க்கப் போனேன். கட்டிலில் கட்டோடு கிடந்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, “தண்ணியில எறங்குறப்ப கயித்த இம்புட்டு இழுத்துப் பிடிக்கக் கூடாது மாப்ள” என்று புத்தி சொல்லிவிட்டு வந்தேன். அவன், “ஆமா மச்சான், எந்தப்புதான்” என்று தலையாட்டினான். அந்தத் தலையாட்டல் என்னைத் தூங்கவிடவில்லை. கும்பகர்ணன் என்று சொன்னதும் பொய்தான்.

சொல்லி முடித்துவிட்டு டாக்டரைப் பார்த்தேன். அவருக்கு அதிர்ச்சி இல்லை. சீ என்று சொல்லவில்லை. தட்டிக்கொடுக்கவும் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“சொல்லிட்டேன்ல, இனி நீங்க சொல்லுங்க.”

“என்ன பறயணும்?”

“என்ன செய்யணும்னு சொல்லுங்க. எத்தன தேங்கா ஒடைக்கணும், எந்தக் கோயிலுக்கு நடக்கணும், ஏதாச்சும் ஒன்னு.”

“ரெண்டு விரல் பிடிச்சது யாரு? நானோ நீங்களோ?”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. ஒரு மனிதனின் வயிற்றுக்குள் இருப்பதையெல்லாம் வாங்கிக்கொண்டு, திருப்பி ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறவன் என்ன டாக்டர்? ஏதாவது ஒரு கலர் தண்ணீராவது ஊற்றிக்கொடுக்கக் கூடாதா? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தேன். அவர் பட்டாளத்தில் பார்த்த ஒருவனைப் பற்றி மட்டும் சொன்னார். துப்பாக்கி பிடித்த கை, காயம் ஒன்றுமில்லை, ஆனாலும் அந்தக் கை மேலே எழும்பாது. அவன் பிறகு என்ன ஆனான் என்று கேட்டேன். வீட்டுக்குப் போனான், அவ்வளவுதான் தெரியும் என்றார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. வாசல் வரைக்கும் வந்து, “அடுத்த ஆழ்ச்ச வரணும்” என்றார். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நாலு நாள் கழித்து வண்டியைப் பூட்டிக்கொண்டு ஜெயமங்கலத்துக்குப் போனேன். அக்கா பார்க்கவேண்டும் என்கிறாள், வா மாப்ள என்று மச்சினனைக் கூப்பிட்டேன். அது பொய். வேட்டி மாற்றிக்கொண்டு வந்தான். வழக்கம்போலப் பின்பக்கம் ஏறிக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவன் முகம் வந்த வழியைப் பார்த்திருந்தது, என் முகம் போகிற வழியைப் பார்த்திருந்தது. டாக்டர் நாற்காலிகளை ஏன் அப்படிப் போட்டிருந்தார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முகத்தைப் பார்க்காமல் இருந்தால் நாக்கு கொஞ்சம் அவிழ்கிறது. இருந்தாலும் வழியெல்லாம் மாட்டுத்தீவனம், மழை, தென்னைக்கு வண்டு என்றுதான் பேசினேன். வராக நதியின் கரையில் வண்டியை நிறுத்தினேன். தண்ணீர் முழங்காலளவு ஓடியது. பின்னால் அவன் வண்டிச் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கிற சத்தம் கேட்டது. ஒரு நல்ல குடியானவன் முழங்கால் தண்ணீருக்குப் பயந்து சட்டத்தைப் பிடிக்கிறான்.

திரும்பிப் பார்க்காமல் சொன்னேன். “மாப்ள, கயித்துல தப்பில்ல. அந்த மாடு தண்ணியக் கண்டா மெரளும். எனக்கு முன்னமே தெரியும்.”

ஆற்றில் யாரோ துணி துவைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்பான் என்ற கணக்கெல்லாம் எனக்கு அப்போது மறந்துபோயிருந்தது. சந்தையில் சீண்டியது, கட்டிலோரத்தில் புத்தி சொன்னது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன்.

“எறங்குங்க மச்சான்” என்றான்.

இறங்கினேன். அடிப்பான் என்றுதான் நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தலைப்பாகையைக்கூடக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. பின்னாலிருந்து முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்தான். கோணல் கையால் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தான். நாக்கை ஒரு சொடுக்குச் சொடுக்கினான். மாடுகள் தண்ணீரில் இறங்கின. நடு ஆற்றில் ஒரு தரம் வண்டி சாய்ந்தது. அவன் உடம்பும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது. அக்கரை ஏறினான். நிறுத்துவான் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை. என் வண்டி, என் மாடு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு என் வீட்டைப் பார்த்துப் போயே போய்விட்டது.

வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆற்றைக் கடந்து ஏழெட்டு மைல் நடந்தேன். வழியில் வந்த, அடுப்புக்கரியில் ஓடுகிற பஸ் ஒன்று எனக்காக வேகத்தைக் குறைத்தது, ஏறவில்லை. ஏறினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. இரண்டு விரல் பிடித்தேனே, அந்த இரண்டாவது விரலுக்கு, என் மனைவிக்கு, நான் சொல்லவேண்டிய வேலையை மச்சினன் எடுத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

வீட்டு வாசலில் வண்டி நின்றது. மாடுகளை அவிழ்த்து வைக்கோல் போட்டிருந்தார்கள். உள்ளே மச்சினன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். என் மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவள் கண் சிவந்திருந்தது. நான் காலைக் கழுவிக்கொண்டு வந்து சுவரோரமாக உட்கார்ந்தேன். எனக்கு யாரும் தட்டு வைக்கவில்லை.

தம்பிக்கு மறுசோறு வைத்துவிட்டு அவள் கேட்டாள். சத்தம் போடவில்லை. “அந்த மாட்டுக்குத் தண்ணி ஆகாதுன்னு தெரியும். சரி. எந்தம்பிக்கு நீச்சல் தெரியாதுன்னும் தெரியும்ல உங்களுக்கு?”

எந்த விலைக்கும் ஒரு பதில் வைத்திருக்கிற வாய் என்னுடையது. என் கல்யாணத்தன்றைக்கே, கிணற்றில் இறங்கப் பயந்த பத்து வயசு மச்சினனைக் கேலி செய்தவன் நான்.

“தெரியும்” என்றேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மச்சினன் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்.

“அக்கா, மச்சானுக்குச் சோறு வையி. ஆத்துலருந்து நடந்து வந்துருக்காக.”

அவள் வைத்தாள். அந்த நிமிஷமே என் கை நின்றுவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். தரகன் புத்தி எங்கே போகும்? நிற்கவில்லை. அதுவரைக்கும் துண்டுக்குள் மட்டும் ஆடிய கை அன்றைக்கு வெட்ட வெளிச்சத்தில், சோற்றுத் தட்டின்மேல், அவர்கள் இரண்டு பேரும் பார்க்க ஆடியது. பருக்கை மடியெல்லாம் சிந்தியது. அழுகையும் வந்துவிட்டது. மறைக்க முடியவில்லை, மறைக்கவும் தோன்றவில்லை. மச்சினன் அந்தக் கோணல் கையால் குழம்புச் சட்டியை என் பக்கம் தள்ளி வைத்தான்.